அரண்மனைப் பிள்ளையும் எங்கள் பிள்ளையும்



சென்ற மாதம் எங்கள் குழுக்களின் காலாண்டுக் கூட்டம் திருகோணமலை நகரில் நடந்தது. மூதூர், கிண்ணியா, கந்தளாய், குச்சவெளி என்று நாலு பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். சேமிப்புக் கணக்குப் பார்த்து, கடன் நிலுவை வாசித்து, சுழற்சிக் கடனுக்கு அடுத்த ஆட்களைத் தெரிவுசெய்து முடிய மத்தியானமாகிவிட்டது. சாப்பாட்டுப் பார்சல் வரப் பிந்தியது. யன்னலுக்கு வெளியே உட்துறைமுகம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கமாக இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம்.

தாயோடு வந்திருந்த உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஸ்பெயின் நாட்டு முடிக்குரிய இளவரசி லியோனோர், கையில் துவக்கோடு, இராணுவச் சீருடையில் அணிவகுத்து நிற்கிறார். 2005இல் பிறந்த பிள்ளை. 2023 ஓகஸ்டில் தரைப்படைக் கல்லூரியில் சேர்ந்தார், அடுத்த வருடம் கடற்படை, அதற்கடுத்த வருடம் விமானப்படை. மூன்று படைக்கும் ஒருநாள் தலைவியாகப் போகிறவர், ஆகவே மூன்றையும் படிக்கிறார்.

படம் கைமாறிக் கைமாறிப் போனது. மூதூர் அக்கா ஒருவர் கேட்டார்: "அரசன்ட மகளுக்கு என்ன குறை? ஏன் இந்தப் பிள்ள துவக்குத் தூக்குது?"

கிண்ணியா ராத்தா பதில் சொன்னார்: "தூக்கினா என்ன, அவ நினைச்ச நேரம் இறக்கியும் வைப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருகிற, மீன் கருவாடாக்கி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த அக்கா. அவர் தன் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த கடதாசியொன்றை எடுத்தார். அவருடைய மூத்த மகனுக்குப் பத்தொன்பது வயது. கடற்படையில் மாலுமியாகச் சேர்வதற்கான விண்ணப்பப் படிவம். "மகன் போகப் போறன் எண்டு நிக்கிறான். சம்பளம் வருமாம். நான் என்ன சொல்ல, பிள்ள?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. படத்திலிருந்த இளவரசியைப் பற்றிய கதைதான் தொடர்ந்தது. இரண்டும் ஒரே கதை என்று எனக்குப் பிறகுதான் பிடிபட்டது.

அரச வீட்டுப் பிள்ளைகள் படைக்குப் போவது நமக்குப் புதினமல்ல. அநுராதபுரத்தில் எல்லாளனும் துட்டகைமுனுவும் யானை மேலிருந்து நேருக்கு நேர் பொருதியதை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். எல்லாளனை வேறு எவரும் கொல்லக் கூடாது, தானே பொருதுவேன் என்று துட்டகைமுனு அறிவித்ததாக மகாவம்சம் சொல்கிறது. சோழ நாட்டிலே முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், பட்டத்துக்குரியவன், கி.பி. 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே இறந்தான். அந்தக் காலத்து நியாயம் விளங்கக் கூடியது. போர் வேண்டும் என்கிறவன் முன்னுக்கு நிற்க வேண்டும், அல்லது தன் பிள்ளையை முன்னுக்கு நிறுத்த வேண்டும்.

பிறகு காலம் மாறியது. ஐரோப்பாவில் இன்று எஞ்சியிருக்கும் முடியரசர்கள் போரைத் தீர்மானிப்பதில்லை. அது பிரதமரும் பாராளுமன்றமும் பார்க்கிற வேலை. பிள்ளைகளைச் சீருடையில் நிறுத்துகிற வழக்கம் மட்டும் அரண்மனையிலேயே தங்கிவிட்டது. தீர்மானிக்கிறவர்களின் வீட்டுக்கு அது இடம்பெயரவில்லை. (நமக்கு விருப்பமில்லாததெல்லாம் இடம்பெயர்ந்திருக்கிறது, இது மட்டும் இல்லை.)

இந்த வழக்கத்தின் ஒரு துண்டு நம்முடைய துறைமுகத்திலும் கிடக்கிறது. பிரித்தானிய மகாராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப், 2021இல் காலமானவர், இளமையில் கடற்படை அதிகாரி. அப்போது அவர் கிரேக்க நாட்டு இளவரசர். டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் படித்து முடித்து, 1940இன் தொடக்கத்தில் கொழும்பில் வந்து ராமிலிஸ் என்ற போர்க்கப்பலில் சேர்ந்தார். வயது பதினெட்டு. உலகப் போர் ஐரோப்பாவில் தொடங்கியிருக்க, அவரை ஏன் இந்தப் பக்கம் அனுப்பினார்கள்? கிரேக்கம் அந்த வேளை போரில் சேராத நாடு. நடுநிலை நாட்டின் இளவரசன் பிரித்தானியக் கப்பலில் இறந்துபோனால் இரண்டு அரசுக்கும் தலையிடி. ஆகவே சண்டை நடக்காத கடலாகப் பார்த்து அனுப்பினார்கள். அந்தக் கடல் நம்முடையது.

1940 ஒக்டோபரில் இத்தாலி கிரேக்கத்தைத் தாக்கியதும் அந்தத் தடை போய்விட்டது. பிலிப் மத்தியதரைக் கடலுக்குப் போய் 1941 மார்ச்சில் மட்டபான் முனைச் சண்டையில் கப்பலின் தேடுவிளக்கைப் பொறுப்பாக இயக்கினார். 1944இல் வெல்ப் என்ற நாசகாரிக் கப்பலின் இரண்டாவது நிலை அதிகாரியாகத் திரும்பவும் இந்தப் பக்கம் வந்தார். அந்தக் கப்பல் திருகோணமலையைத் தளமாக வைத்துத்தான் ஓடியது. 1945 ஜனவரியில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் விழுந்த விமானமொன்றிலிருந்து இருவரை அது மீட்டது. ஆகவே அவர் பொம்மைக்குச் சீருடை போட்டவரல்ல. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால், சண்டை நடக்காத கடல் என்றார்களே, அந்தக் கடலுக்கு 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்தன. திருகோணமலையில் குண்டு விழுந்தது. சீனக்குடாவின் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் ஒரு விமானமே வந்து மோதியது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் அம்மம்மாவுக்கு அப்போது எட்டு வயது. நாட்கணக்கில் புகை நின்றதாம். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தம்பலகாமத்துக்கு நடந்தார்களாம். அதுதான் அவருடைய முதலாவது இடம்பெயர்வு. இளவரசருக்கென்று தெரிந்தெடுத்த பத்திரமான இடத்திலிருந்துதான் அம்மம்மா ஓடினார். இளவரசர் அந்நேரம் இங்கே இருக்கவில்லை.

எந்த இடம் யாருக்குப் பத்திரம் என்று ஒருவர் யோசித்துப் பார்ப்பது, அதுதான் அரச பிள்ளைக்குக் கிடைப்பது. ஹரி இளவரசரின் கதையும் இதுவே. 2007இல் அவரை ஈராக்குக்கு அனுப்புவதாக இருந்து, பிறகு நிறுத்திவிட்டார்கள். அவர் போனால் அவரைக் குறிவைப்பார்கள், அவரோடு நிற்கிற சிப்பாய்களுக்கும் ஆபத்து என்பது இராணுவம் சொன்ன காரணம். அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்கு இரகசியமாக அனுப்பினார்கள். பத்து வாரமளவில் செய்தி வெளியே கசிந்ததும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 2012இல் ஹெலிகொப்டர் ஓட்டியாக மறுபடியும் போய் வந்தார்.

2023இல் வெளிவந்த தன் நினைவு நூலில் ஹரி, அங்கே 25 பேரைக் கொன்றதாக எழுதினார். சண்டை நேரத்தில் அவர்களைச் சதுரங்கக் காய்களாக நினைத்ததாகவும் எழுதியிருந்தார். இதை நான் சொன்னபோது மண்டபத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. ராத்தாதான் மெதுவாகச் சொன்னார்: "அப்ப இருபத்தஞ்சு உம்மாமார்."

உயர்தரப் பிள்ளை விடவில்லை. "அக்கா, நோர்வேயில இளவரசி இங்ரிட் அலெக்சாண்ட்ரா அதிகாரியாப் போகல்ல. மற்றப் பிள்ளைகளைப் போல சாதாரண கட்டாயச் சேவைக்குத்தான் போனவ. அங்க ஆம்பிள பொம்பிள எல்லாருக்கும் ஒரே சட்டம். அது சமத்துவம்தானே?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரியான தகவல். 2015 முதல் அந்நாட்டில் பெண்களுக்கும் கட்டாயச் சேவை உண்டு. அந்த இளவரசி 2024 ஜனவரியில் சேர்ந்து பதினைந்து மாதம் வடக்கே பொறியியல் படைப் பிரிவில் இருந்தார். பிரித்தானிய இளவரசர்கள் அதிகாரிப் பயிற்சியிலிருந்து தொடங்குவதோடு பார்த்தால் இது நேர்மையான முறைதான்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் நானும் அப்படித்தான் ஆமென்றிருப்பேன். ஆணுக்குள்ள கடமை பெண்ணுக்கும் என்று கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆணையும் பெண்ணையும் சமமாகப் பிடித்துக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, முடிவு திகதி இருக்கிறது, பதினைந்தாம் மாதம் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. அந்தத் திகதிதான் பெரிய விசயம். அது இல்லாத இடத்தில் சமத்துவம் என்ற சொல்லை நான் இப்போது கவனமாகத்தான் பாவிக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையையும் அன்றைக்குத்தான் குழுவில் முதல்முறை சொன்னேன். 2006இல் எனக்குப் பதினைந்து வயது, அண்ணாவுக்குப் பதினேழு. ரியூசனுக்குப் போனவர் பின்னேரம் வரவில்லை. ஆயுதக் குழுவொன்று கொண்டுபோய்விட்டது. அம்மா பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தார், வயது காணாது என்று காட்டுவதற்கு. 2009க்குப் பிறகு, தடுப்பு, புனர்வாழ்வு எல்லாம் முடிந்து அண்ணா வீட்டுக்கு வந்தார். இப்போது ஓட்டோ ஓடுகிறார். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். யாராவது தெரியாமல் "நீங்கள் போயிருந்த நேரம்" என்று தொடங்கினால், "நான் போகல்ல. கொண்டுபோனாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

அந்த 2006ஆம் ஆண்டை இந்த மாவட்டத்தில் யார் மறப்பார்கள்? ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டுவீச்சு. ஓகஸ்டில் மூதூர். தமிழர்கள் வாகரைப் பக்கமும் முஸ்லிம்கள் கிண்ணியா, கந்தளாய்ப் பக்கமும் நடந்தார்கள். ஒக்டோபரில் ஹபரணைக்குக் கிட்டத் திகம்பத்தனையில் கடற்படையினரின் பஸ்களை வாகனக் குண்டு தாக்கிச் சுமார் நூறு பேர் இறந்தார்கள். சம்பூர்ச் சனத்தின் காணியில் கடற்படைப் பயிற்சி முகாம் இருந்தது. அது விலக்கப்பட்டு அவர்கள் திரும்பி வர 2016 ஆயிற்று.

அதே 2006இல்தான் அப்போதைய சனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் இரண்டாவது மகன் யோஷித ராஜபக்ஷ கடற்படையில் பயிலுநர் அதிகாரியாகச் சேர்ந்தார். பின்னர் பிலிப் படித்த அதே டார்ட்மத் கல்லூரியிலும் பயிற்சி பெற்றார். நம் நாட்டில் முடி இல்லை. கண்டி அரசு 1815இல் முடிந்தது, பிரித்தானிய முடியும் 1972இல் போய்விட்டது. ஆனாலும் ஆளும் வீட்டுப் பிள்ளைகளைச் சனம் இளவரசர் என்றுதான் பேசிக்கொள்ளும். ஆளுகிறவர் தன் பிள்ளையையும் படைக்கு அனுப்பினாரே, அது நல்லதுதானே என்று ஒருவர் கேட்டார்.

பதில் சொன்னவர் கந்தளாயிலிருந்து வருகிற சிங்களச் சகோதரி. அவருடைய கணவர் சாதாரண மாலுமி, அந்தத் திகம்பத்தனை பஸ் ஒன்றில் இருந்தவர். அவர் நன்றாகத் தமிழ் பேசுவார், இருபது வருடமாக எங்களோடு பழகியவர். "என்ட மனுசன் சண்டையில சாகல்ல. லீவுல வீட்டுக்கு வாற பஸ்ல செத்தார். பெரிய இடத்துப் பிள்ளைகள் லீவுக்கு அந்த பஸ்ல வருவாங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது நீதியல்ல. புலிகளின் தலைவர் பிரபாகரனின் மூத்த மகன் சார்ள்ஸ் அன்ரனி இயக்கத்திலிருந்து 2009 மே மாதம் இறந்தார். தலைவர் தன் பிள்ளையையும் கொடுத்தார் என்று அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எங்கள் அம்மாவிடம் ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அம்மா கேட்டது இதுதான்: "அவர் தன்ட பிள்ளையக் குடுத்தா, என்ட பிள்ளைய எடுக்கலாம் எண்டு ஆகுமா?"

நம்முடைய பழைய பாட்டுகளில் ஒற்றை மகனையும் தலை சீவிப் போருக்கு அனுப்புகிற தாய் வருகிறாள். புறநானூற்றில் அப்படி ஒரு பாட்டை எழுதியவரும் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்தான். பாடசாலையில் மனப்பாடம் செய்தோம், பரிசும் வாங்கினோம். பிறகு மேடை மேடையாக அந்தத் தாயை இழுத்துவந்து எங்கள் தாய்மாருக்கு முன்னால் நிறுத்தினார்கள். பாட்டில் வருகிற தாய் பிள்ளையைத் தானே அனுப்புகிறாள். பிறப்புச் சான்றிதழோடு முகாம் வாசலில் நின்ற தாய்க்கு அதில் இடமில்லை.

அப்படியானால் இளவரசர்கள் படைக்குப் போகத்தான் வேண்டுமா? என்னிடம் கேட்டால், சண்டைக்குப் போகிற வழக்கத்தை விட்டுவிடலாம் என்பேன். போரில் இறந்தவர்களுக்கு மாலை வைக்கிறவர், பதக்கம் குத்துகிறவர், அந்த வாழ்க்கையைக் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும் என்ற வாதம் எனக்கு விளங்குகிறது. அதில் பாதியை ஏற்கிறேன். மற்றப் பாதியில்தான் சிக்கல். பத்திரமான இடமாகப் பார்த்து அனுப்பினால் அது வேடம். உண்மையான முன்னரங்குக்கு அனுப்பினால் பக்கத்தில் நிற்கிற ஏழைப் பிள்ளைகளும் சேர்ந்து குறியாகிறார்கள். 1982இல் போக்லண்ட் போரில் அன்று இளவரசராக இருந்த ஆண்ட்ரூ ஹெலிகொப்டர் ஓட்டினார், உண்மையாகவே ஆபத்தில்தான் நின்றார். அதனால் அந்தப் போர் ஒரு நாளாவது முந்தி முடிந்ததா? இல்லை. தாய்மாருக்குத் தேவையானது அதுதானே.

இன்னொரு விதமான சேவை இருக்கிறது. எலிசபெத் மகாராணி 1945இல், பதினெட்டு வயதுப் பெண்ணாக, பெண்கள் துணைப்படையில் சேர்ந்து லொறி ஓட்டவும் இயந்திரம் கழற்றிப் பூட்டவும் படித்தார். (இதைச் சொன்னபோது மூதூர் அக்கா, "எங்கட தண்ணி மோட்டரத் திருத்த அவ இருந்திருக்கலாம்" என்றார். அவருடைய மோட்டர் இரண்டு மாதமாகக் கிடக்கிறது.) வில்லியம் இளவரசர் 2010 முதல் 2013 வரை விமானப்படையின் தேடுதல் மீட்பு ஹெலிகொப்டரில் வேலை செய்தார். 2011 நவம்பரில் ஐரிஷ் கடலில் சரக்குக் கப்பலொன்று உடைந்து மூழ்கியபோது இருளிலும் காற்றிலும் போய் இரண்டு மாலுமிகளைத் தூக்கிய ஹெலிகொப்டரின் துணை விமானி அவர்தான். படையை விட்ட பிறகும் நோயாளர் காவு ஹெலிகொப்டர் ஓட்டினார். கடலுக்குப் போனவருக்காக விடியும்வரை கரையில் நின்ற பெண்களுக்கு அந்த வேலையின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. அரச பிள்ளைக்கு மட்டுமல்ல, அமைச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வருடம் கட்டாயமென்றால் நான் முதலாவதாகக் கையெழுத்து வைப்பேன்.

பார்சல் வந்தது. சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு குச்சவெளி அக்காவின் கடதாசிக்குத் திரும்பினோம். அவருக்கு இரண்டு பயம். ஒன்று, மகனை ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது. மற்றது, கடலில் போய்த் திரும்பாத கணவரைப் போல மகனும் ஆகிவிடுவானோ என்பது. ஒரு ஆசையும் இருந்தது, மாதம் முடிய வருகிற சம்பளம். கருவாட்டுக்கு மழை மாதங்களில் வருமானமில்லை. நுண்கடன் ஆட்கள் வாசலில் வந்து நின்று போன கதையும் அவருக்குண்டு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு "போகாதே" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

ஆனால் சில விபரங்களைக் கேட்க வேண்டும் என்றேன். எத்தனை வருட ஒப்பந்தம், இடையில் விலகலாமா, காயப்பட்டால் வீட்டுக்கு என்ன கிடைக்கும். படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் சிங்களத்தில் இருந்தது. கந்தளாய்ச் சகோதரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். ஓய்வூதியம் பற்றிய இடத்தில் நிறுத்தி, தான் எந்தெந்த அலுவலகத்துக்கு எந்தெந்தக் கடிதத்தோடு போனார் என்பதையும் சொன்னார். அக்கா மகளின் கொப்பித் தாளொன்றில் அதை எழுதச் செய்தார்.

"மகனோட கதைக்க ஒரு ஆம்பிள வேணும். தகப்பன் இல்ல. நான் சொன்னா அழுறன் எண்டு நினைக்கிறான்" என்றார் புறப்படும்போது.

அன்றிரவு அண்ணாவிடம் கேட்டேன். அவர் வழக்கம்போல எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார்தான். வாசல்வரை போய், ஓட்டோவின் சில்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "விண்ணப்பம் எப்ப முடியுது?" என்று கேட்டார். மாதக் கடைசி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குச்சவெளிக்குப் போகிறார். நான் வர வேண்டாமாம்.